எரிந்தவனை எழுப்புதல்

மூன்று வருடமாக என் மகன் எரிந்துபோனவனாகவே இருந்தான். அந்த நிலையிலேயே திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான், பாஸ்போர்ட் எடுத்தான், விமானம் ஏறினான், தாடி வளர்த்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து அம்மாவிடம் கதை பேசினான். ஆனாலும் எங்கள் லயத்தைப் பொறுத்தவரை அவன் எரிந்தவன், இன்னும் எழுப்பப்படாதவன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். முதலில் எனக்கும் வந்தது.

நாங்கள் சேரங்கோட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், இருப்பவர்கள். இங்கே எங்களைச் சிலோனிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். சிலோனில் இருந்தபோது இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றார்களாம். எங்கே இருந்தாலும் நாங்கள் வந்தவர்கள்தான். கப்பல் ஏறும்போது எனக்கு ஏழு வயது இருக்கும். பெரியவர்கள் கப்பலைப் பற்றி உருக்கமாக ஏதேதோ சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வாந்தி எடுத்தது மட்டும்.

வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது காமன் கூத்து. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் காமன் பூ அம்பு விடுகிறான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், காமன் சாம்பலாகிறான். அவன் மனைவி ரதி அழுது புலம்பி வேண்ட, சிவன் மனமிரங்கி அவனை எழுப்பிக் கொடுக்கிறார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் பொட்டலில் குழி தோண்டிக் கம்பம் நடுவோம். காமனாக வேஷம் கட்டுபவனுக்குக் காப்புக் கட்டுவோம். பௌர்ணமியை ஒட்டி எரிப்போம். நான் தப்படிப்பவன். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை, மாசியில் தப்பு. மற்றபடி சாவு வீடுகளிலும் அடிப்பேன்.

இந்தக் கூத்தில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் லயங்களில் சிலோனின் அட்டன் பக்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள், பதுளைக்காரர்கள் இருக்கிறார்கள், எந்தத் தோட்டம் என்றே மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி கூத்து. ஒருவர் காமனை எரித்த கையோடு எழுப்ப வேண்டும் என்பார், இன்னொருவர் மூன்றாம் நாள் என்பார், ஒருவர் எழுப்புகிற வழக்கமே கிடையாது என்பார். எல்லாவற்றையும் ஒரே பொட்டலில் கொண்டுவந்து கொட்டியதில், ஆரம்ப வருடங்களில் கூத்தைவிடச் சண்டைதான் ஜோராக நடந்ததாம். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகச் சில விதிகள் நின்றன. எரிந்த காமன், எழுப்பும்வரை தன் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. அதுவரை பிள்ளைமடுவத்தில் தங்க வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது, அந்தப் பெயரும் சிலோனிலிருந்து வந்ததுதான். எழுப்பும்போது பால் ஊற்ற வேண்டும். எழுந்தவன் முதலில் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பத்தைப் பிடுங்கிக் குழியை மூடலாம். பழைய குழி மூடாமல் புதுக் கம்பம் கிடையாது. இந்தக் கடைசி விதி யார் தோட்டத்தில் இருந்து வந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. தெரிந்தால் அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

முன்பெல்லாம் விடிய விடிய ஆடினார்கள். இப்போது பிற்பகலில் ஆடுகிறோம். இருட்டினால் யானை வரும். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் காலமும் யானைக்குத்தான். ஆகவே பட்டப்பகல் வெயிலில் அரிதாரம் வழிய, சிவன் கைக்குட்டையால் நெற்றிக்கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். வேஷம் கட்டுகிறவர்கள் எல்லோரும் வெளியூரில் வேலை பார்ப்பதால் மூன்று நாள் சடங்கையும் சுருக்கி, ஊர் வந்த அன்றே காப்புக் கட்டி, சாயங்காலம் எரித்துச் சற்று நேரத்தில் எழுப்பிவிடுவதாக மாற்றியிருந்தோம்.

அந்த மாசியில் என் மகன் காமன். திருப்பூரில் லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "யாருய்யா செத்தாங்க?" என்றாராம். "நான்தான் சார்" என்றிருக்கிறான். அந்தப் பதிலுக்காகவே லீவு கிடைத்தது என்று வந்து சொன்னான். இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏற வேண்டும்.

என் மனைவிக்கு இந்தக் கூத்தே அந்நியம். அவள் வீட்டார் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். கல்யாணமான புதிதில் மீசையுள்ள ரதியைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவள். "ஏனுங்க, இந்த ரதிக்காகவா சண்டை?" என்று என்னைச் சீண்டுவாள். மகன் காப்புக் கட்டிய பிறகுதான் ஒவ்வொரு விதியையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எது செய்தால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாக்களுக்கு எந்தத் தோட்டத்து வழக்கமும் சொந்த வழக்கமாகிவிடும்.

ரதி வேஷம் எப்போதும் கொழுந்து லாரி டிரைவருக்குத்தான். என்னைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். லாரியின் கியர்ச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய குரல். அன்றைக்குக் கயிற்றில் சரசரவென்று தீ ஓடி வந்து கம்பத்தைப் பிடித்ததும் என் மகன் சுழன்று விழுந்தான். மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு, என்னைத் தனியே விட்டுப் போனாயே என்று எடுத்தார். என் மனைவி கூட்டத்தில் அழுதுகொண்டிருந்தாள். இன்னும் நாலு பாட்டு, பிறகு பால், பிறகு எழுந்திருப்பான்.

நாலாவது பாட்டு வரவில்லை. கீழே சதுப்பில் இருந்து யானைகள் ஏறிவிட்டன. குட்டியோடு கூட்டமாக வந்தன. காவலுக்கு வந்த மலையாளத்து வாட்சர், "ஆன இறங்கியிட்டுண்டு! எல்லாரும் ஓடிக்கோ, லைட்டடிக்கண்டா!" என்று கத்தினார். யானை வந்துவிட்டது, லைட் அடிக்க வேண்டாம் என்கிறார். சிவன் முதலில் ஓடினார். ரதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். நான் தப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடித் திரும்பிப் பார்க்கிறேன், பொட்டல் நடுவில் வெள்ளைத் துணிக்கடியில் என் மகன் மட்டும் படுத்திருக்கிறான். பாட்டு நின்றுபோனது ஏன் என்று யோசித்தான்போல. துணியை விலக்கிப் பார்த்தான். அப்புறம் அவன் ஓடிய ஓட்டத்தில் கிரீடம் ஒரு பக்கம், கரும்பு வில் ஒரு பக்கம். ஆனால் அந்த அவசரத்திலும் வீட்டுக்கு ஓடாமல் பிள்ளைமடுவத்துக்குத்தான் ஓடினான். அவன் அம்மா அவ்வளவு சொல்லி வைத்திருந்தாள்.

கரும்பு வில்லை யானை தின்றுவிட்டது.

மறுநாள் காலையில் எழுப்பிக்கொள்ளலாம் என்று பேச்சு. காலையில் பார்த்தால் யானைக் கூட்டம் பொட்டல் ஓரத்திலேயே நிற்கிறது. குட்டி படுத்துத் தூங்குகிறது, தாய் நகரவில்லை. வாட்சர்கள் வழியை மறித்துவிட்டார்கள். மத்தியானமும் அப்படியே. ஏதாவது ஒரு மூலையில் வைத்து எழுப்பிவிடலாமே என்றேன். எரிந்த இடத்தில்தான் எழுப்ப வேண்டும் என்றார்கள் பதுளைக்காரர்கள். அட்டன்காரர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். "எந்திரிச்சு ஓடுனவன எதுக்குங்க திரும்ப எழுப்பணும்?" என்றார். அப்படியானால் காமனுக்கு உயிர் கொடுத்தது சிவனா யானையா என்று இன்னொருவர் கேட்டார். இதை அவர்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் நேரமாகிவிட்டது.

வீட்டுக்குள் வராமல் அவன் ஃபேக்டரிப் பாதையில் ஏறினான். அவன் பையை நான் எடுத்து வந்தேன். அவன் அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

"இப்படியே போனா எப்படி கண்ணு? ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்."

"அடுத்த வாரம் வரேம்மா. வந்து எந்திரிச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். காதோரம் இன்னும் பச்சைச் சாயம் இருந்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போனாள், அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஜீப் வந்துவிட்டது.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஏற்றுமதி ஆர்டர் முடியும்வரை எவனுக்கும் லீவு இல்லை என்று விட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வீடியோவில் எழுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னது டிரைவர் அண்ணன்தான். லயத்தில் சிக்னல் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்பு, போன், ஒரு சொம்புப் பாலோடு மேடேறினோம். லுங்கி கட்டிய ரதி. திருப்பூரில் அவன் ஒரு அறையில் ஆறேழு பேரோடு தங்கியிருந்தான். தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான், கூட இருந்த பையன் ஒருவன் போனைப் பிடித்தான். பின்னால் எவனோ துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் உயிரைக் கொடுத்துப் பாடினார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இங்கே அடிப்பது அங்கே தாமதமாகக் கேட்க, அங்கிருந்து அது திரும்பி இங்கே வர, ரதி ஒரு தாளத்திலும் தப்பு ஒரு தாளத்திலும் போயின. நடுவில் படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி என் மகன் அப்படியே இருந்தான். மனைவி பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே ஊற்றுவது? போன்மேலா ஊற்ற முடியும்? பிறகு சத்தம் மட்டும் வந்தது.

"அப்பா, எந்திரிச்சுட்டேம்ப்பா. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. வைக்கவா?"

"பால் யாருங்க ஊத்துனா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் தப்பைத் தோளில் மாட்டினேன். அந்தப் பாலில் வீட்டில் டீ போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக் குடித்தோம்.

ஒரே ஒரு தடவை வந்தான். துபாயில் ஒரு குடோன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்குப் பாஸ்போர்ட் விஷயமாக ஒரு நாள். அதற்கு முதல் நாளே அண்ணனிடம் சொல்லி, சிவனுக்கு ஆள் பிடித்து, பால் சொல்லி வைத்து எல்லாம் தயார். அன்று விடியற்காலையில் மேல் லயத்தில் ஒரு பெரியம்மா இறந்துபோனார். சாவு விழுந்த லயத்தில் சாமி காரியம் எப்படிச் செய்வது? தப்படிக்க வேண்டியவனும் நான்தான். என் மகன் எழுந்திருக்க வேண்டிய பொட்டலைத் தாண்டி, சவத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். நானும் தூக்கியிருப்பேன், இரண்டு கையிலும் குச்சி.

அடக்கம் முடிந்து வந்தபோது அவன் போயிருந்தான். வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டானாம். "உள்ள வாடா சாமி, போனாப் போகுதுன்னுதானுங்க சொன்னேன். அவந்தான் வேண்டாம்மான்னுட்டான். நம்பிக்கையில இல்லீங்க, எனக்காவ" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. செத்துப்போன பெரியம்மாவோடா சண்டைக்குப் போக முடியும்? கொல்லையில் கிடந்த விறகையெல்லாம் ஆத்திரம் தீரப் பிளந்து போட்டேன்.

அங்கிருந்தே துபாய் போய்விட்டான்.

மாசி வந்தது. மூன்றாம் பிறை தெரிந்தது. பழைய குழி திறந்தே கிடந்தது. பாதி எரிந்த கம்பம் சாய்ந்து, குழியில் மழைத் தண்ணீர் நின்று, யார் வீட்டுக் கன்றோ ஒரு தடவை கால் விட்டுக் கொண்டது. கூத்து இல்லை. அடுத்த மாசியும் இல்லை. குழாயடியில் என் மனைவி குடத்தை வைத்தால் பேச்சு மாறும். ஒரு வீட்டுப் பிள்ளைக்காக ஊர்க் கூத்து நின்றுவிட்டது என்றார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணம் தட்டிப்போனதற்கும் அதுதான் காரணம், இன்னொருவர் ஆடு செத்ததற்கும் அதுதான் காரணம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் வந்து அரிசியைக் களைகிற வேகத்தில் எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இதற்கிடையில் கீழிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். நல்ல மனிதர். இந்தக் கலையைப் பாதுகாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதுகாக்க இது என்ன மாங்காயா, உப்பில் போட்டு வைக்க? குழி மூடாததால் இந்த வருடம் கிடையாதுங்க என்றோம். அவருக்குப் புரியவில்லை. கம்பம் இல்லாமல், காமன் இல்லாமல், ரதி புலம்பலை மட்டும் பாடச் சொன்னார். அண்ணன் லாரி ஷெட் முன்னால் நின்று பாடினார், நான் அடித்தேன். அவர் கண் கலங்கிப்போய் எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எங்களிடம் இல்லாத கூத்து இப்போது அவருடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது.

லயமும் காலியாகிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே கோயமுத்தூர், அவிநாசி என்று போய்விட்டார்கள். பெற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த வீடுகளுக்கு ஜார்க்கண்டில் இருந்து குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஒருவர் என்னோடு கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை பார்க்கிறார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பிள்ளைகள். அவர்கள் ஊரிலும் மேளம் உண்டு. எங்கள் அடியை அவர் தகர டப்பாவில் அடித்துக் காட்டியபோது நான் அசந்துபோனேன்.

அவரைப் படுக்க வைத்து எழுப்பிவிட்டால் என்ன என்று முதலில் சொன்னது யார் என்பது இப்போது ஞாபகம் இல்லை. எரிந்தவன் வர முடியாவிட்டால் இன்னொரு உடம்பு படுக்கலாம், அதற்கு எரிந்தவனின் தாய் சம்மதித்தால் போதும் என்று ஒரு விதியும் எங்கிருந்தோ முளைத்தது. லயத்தில் மிச்சமிருந்த நாலு இளவட்டங்கள், யாருக்கோ பட்ட காமனைத் தங்கள்மேல் ஏற்றிக்கொள்ளப் பயந்தார்கள். ஜார்க்கண்டுக்காரர் பயப்படவில்லை. "அண்ணா, நான் படுக்கும். பரவாயில்லை" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"எம்பையன் குத்துக்கல்லாட்ட உசுரோட இருக்கறப்ப, எவனோ ஒருத்தனப் படுக்க வெச்சுப் பால ஊத்துவீங்களா? பெத்தவங்களா நீங்க?"

"கூத்து நின்னு போச்சேன்னு ஊரே பேசுதும்மா."

"பேசட்டும். அவன் வந்து எந்திரிப்பான். அதுவரைக்கும் குழி அப்படியேதான் கிடக்கோணும்."

அவளுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை. நேற்றுவரை கூத்தைக் கேலி செய்தவள், இன்று எங்களுக்கே விதி படிக்கிறாள் என்று எரிச்சல்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போது கடைசியில் மறக்காமல், "இன்னும் எழுப்பல சாமி, நீ வந்துதான் எந்திரிக்கோணும்" என்பாள். அவனும், "வரேம்மா, அதுக்காவது வரணும்ல" என்பான். இதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டும் கேட்காத ஆள் நான்.

இந்தத் தை மாதம் டிரைவர் அண்ணன் ரிட்டயர் ஆனார். மாசி முடிந்ததும் வீட்டைக் கொடுத்துவிட்டு அவிநாசியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லிக்கொள்ள வந்தார். கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்தார். "தங்கச்சி, அங்க அபார்ட்மெண்டாம். சத்தமா இருமுனாக்கூட பக்கத்து வீட்டுக்காரன் வந்துர்றானாம்" என்று சிரித்தார். போகும்போது வாசலில் நின்று பொட்டல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் போனதும் மனைவி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எழுப்பீருங்க."

"யார?"

"அந்த வடக்கத்தித் தம்பியப் படுக்க வெச்சு எழுப்பீருங்க. அண்ணன் போறதுக்குள்ள."

"திடீர்னு ஏம்மா?"

"கேக்காதீங்க. எழுப்பீருங்க, சொல்லீட்டேன்."

நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவும் இல்லை. அன்றைக்கே தப்பை எடுத்து நெருப்பில் காட்டித் தட்டிப் பார்த்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் எழுப்பினோம். யானை வரவில்லை. பழைய கரிக்கம்பத்தின் அடியில் ஜார்க்கண்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்தார். முகத்தில் பச்சைச் சாயம். அவர் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்து நெளிந்தன. டிரைவர் அண்ணன் கடைசித் தடவையாகச் சேலை கட்டி வந்தார். அன்று யானையால் நின்றுபோன அந்த நாலாவது பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பதுளைக்காரர்களும் அட்டன்காரர்களும் அதிசயமாக ஒத்துப்போனார்கள். அண்ணன் எடுத்த எடுப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு அடித்த மாதிரி என் வாழ்க்கையில் நான் அடித்ததில்லை. கை தானாக விழுந்தது. குரலும் தாளமும் ஒரு நூல் விலகவில்லை. இப்படி ஒன்றை மூன்று வருடம் எப்படி விட்டு வைத்தோம் என்று எனக்கு அழுகை வந்தது.

பால் ஊற்ற அவளைக் கூப்பிட்டார்கள். வந்தாள். குனிந்து அந்த மனிதரின் முகத்தில் மெதுவாக ஊற்றினாள். அவர் இருமிக்கொண்டு எழுந்தார். ஊரே குலவை போட்டது.

எழுந்தவன் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமல்லவா? எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். இலை போட்டு, மகனுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாயமும் பாலும் கழுத்தில் வழிய அவர் தலை குனிந்து சாப்பிட்டார். "உங்கம்மா எங்க இருக்காங்க தம்பி?" என்று கேட்டாள். "ஊருல, அம்மா." "போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இல்லை அம்மா. மூணு வருஷம் ஆச்சு. லீவு போட்டா வேலை போயிடும்" என்றார். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டியும் வைத்தாள்.

கம்பத்தைப் பிடுங்கிக் குழியை மூடினார்கள். வரும் மாசிக்கு ரதி வேஷம் யாருக்கு என்று பொட்டலிலேயே பேச்சுத் தொடங்கிவிட்டது. நான் கை வீங்கிப்போய், வயிறும் மனசும் நிறைந்து வீடு திரும்பினேன்.

சாயங்காலம் மகன் பேசினான். சிக்னலுக்காகத் தொட்டி மேட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா. குழியும் மூடியாச்சு. அண்ணன் பாடுனாரு பாரு, நீ கேட்டிருக்கணும்."

"அப்பாடா." அவன் மூச்சு விட்டது இங்கே கேட்டது. "எம்மேல ஒரு பாரமாவே இருந்துச்சுப்பா. அம்மா வாராவாரம் சொல்றாங்களேன்னு, இந்த வருசம் எப்படியாவது வந்து எந்திரிச்சுட்டுப் போயிரலாம்னு லீவுகூட எழுதிக் குடுத்திருந்தேன். இனி அவசரம் இல்லல்ல? வாபஸ் வாங்கிக்கறேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க, சரின்னு சொல்லிடறேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவளிடம் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எழுப்பீருங்க என்று சொன்ன அன்றைக்கே அவளுக்கு இது தெரியும். அவனை இந்த மலைக்கு இழுக்க அவள் கையில் இருந்தது அந்த மூடாத குழி ஒன்றுதான். கட்டிப்போட எங்களிடம் நிலம் இல்லை, சொந்த வீடும் இல்லை. அதையும் ஊருக்காக, அண்ணனுக்காக, எனக்காக விட்டுக் கொடுத்திருக்கிறாள். நான்தான் குஷியாகத் தப்படித்து அவனை வழியனுப்பியிருக்கிறேன்.

"அம்மா இருக்காங்களாப்பா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க?"

அவள் போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"இருக்கறேன் கண்ணு. சரின்னு சொல்லீரு" என்றாள்.